பீரோவுக்கு வரவேண்டிய இனாம்

மலையேற வருகிறவர்களின் மூட்டை சுமப்பவன் அவன். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பீரோ என்றால்தான் தெரியும். உச்சியிலுள்ள விடுதிக்கு ஓர் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாகச் சுமந்தவன். மேலே போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பூனை மூன்று குட்டி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியதாம். வழியில் ஒரு குலுக்கல்கூட இல்லாததால் மலையேறியதே அதற்குத் தெரியாதாம். நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தடவை அவன் முதுகில் ஏறியது ஒரு ரிட்டயர்டு டீச்சரின் மூட்டை. எட்டு நாள் நடை. கடைசி நாள் அடிவார விடுதியின் முற்றத்தில் சுமைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். தன் மூட்டையைச் சுமந்தவனைத் தேடி வந்து, விருந்தாளி தன் கையாலேயே இனாம் கொடுப்பது அங்கே வழக்கம்.

இந்த இனாமைத்தான் பீரோ மலைபோல நம்பியிருந்தான். காரணம், மாமியார். அவருக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போனதிலிருந்து வீட்டு அடுப்பில் சகலமும் குழையக் குழைய வெந்துகொண்டிருந்தது. பீரோ எதையாவது நறுக்கென்று கடித்து ஒரு வருஷமாகிவிட்டது. கூலி வீட்டுச் செலவுக்கே சரி. பல்செட்டுக்கு இனாம்தான் கதி.

மலையிறங்கியதும் வீட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னான். மனைவி மறித்துக்கொண்டாள்.

“இந்தக் கோலத்துலயா போய் நிக்கப் போறீங்க? பாத்தா குடுக்கத் தோண வேணாமா? முதல்ல அந்தத் தாடிய எடுங்க!”

தாடி போயிற்று. குல்லாய் போயிற்று. இஸ்திரிச் சட்டையும் படிய வாரிய தலையுமாக விடுதி முற்றத்தில் வந்து நின்றான். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

அங்கேதான் வினை. டீச்சர் கையில் கவரோடு வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு தரம் நடந்தார்.

“என் ஆளைக் காணோமே?”

“நான்தான் டீச்சர்.”

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். “நீயா? என் ஆளு குள்ளம்ப்பா. தாடி வேற வச்சிருந்தான்.”

“சத்தியமா இவன்தான் டீச்சர்,” என்றான் எட்டு நாளும் கூட நடந்த கைடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“ஓஹோ, ரெண்டு பேரும் கூட்டா? முப்பத்தஞ்சு வருஷம் ஆஜர் எடுத்தவ நான். வராதவனுக்குப் பதிலா ‘உள்ளேன்’ சொன்ன எத்தனை பேரப் பாத்திருக்கேன்!”

“மாப்பிள்ளை மாதிரி வந்தா இப்படித்தான் மச்சான்,” என்று பக்கத்தில் நின்றவன் கிசுகிசுத்தான்.

டீச்சர் கவரைக் கைப்பைக்குள் திரும்ப வைக்கப் போனார். பல்செட்டு கண்ணெதிரிலேயே நழுவிக்கொண்டிருந்தது. பீரோ மூலையில் கிடந்த டீச்சரின் மூட்டையைத் தூக்கி முதுகில் ஏற்றி, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டினான். ஆறடி உடம்பு நாலரை அடியாக மடங்கியது. வாசலைப் பார்த்துப் பத்தடி நடந்தான்.

“ஐயையோ, அவனேதான்!” டீச்சர் கத்தியதில் முற்றமே திரும்பிப் பார்த்தது. “எட்டு நாளா இந்த நடையைப் பாத்துத்தானே பின்னாலேயே வந்தேன்! இறக்குப்பா, இறக்கு. இவ்வளவு உயரமா நீ? எங்க, நிமிந்து நில்லு. மூஞ்சிய நல்லாப் பாத்துக்கறேன்.”

கவருக்குள் மேலும் இரண்டு நோட்டைச் செருகினார். “இது சந்தேகப்பட்டதுக்கு அபராதம். வச்சுக்க.”

அன்று சாயங்காலமே பல் டாக்டர் மாமியாரின் வாயில் அச்சு மாவை அடைத்து அளவெடுத்தார். ஐந்து நிமிஷம் மூச்சுக் காட்டக்கூடாது என்று உத்தரவு. வாயை அகலத் திறந்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் மாமியார் உட்கார்ந்திருந்த அதிசயத்தைப் பீரோ கண்கொட்டாமல் பார்த்தான்.

“குடுத்த காசு இதுக்கே சரியாப் போச்சு,” என்று மனைவியின் காதில் முணுமுணுத்து, தொடையில் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டான்.