எந்த நாளின் விமானம்

விமானம் இரண்டு லாரிகளில் வந்தது. முதல் லாரியில் உடல், அடுத்ததில் கழற்றிய இறக்கைகள். திருச்சுழி சாலையோரம் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த கரிசல் தரையில் இறக்கினார்கள். பூங்கா என்றால் அப்போது ஒரு கம்பி வேலி, ஒரு பெயர்ப்பலகை, நான்கு வேப்பங்கன்றுகள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பார்த்த ஒருவர், வயிற்றுப் பக்கம் விரலால் தட்டி, "தகரந்தானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு மதுரை நாளிதழுக்கு அருப்புக்கோட்டை நிருபர். மழை பொய்த்தது, பஞ்சு விலை இறங்கியது, பஸ்ஸும் மாட்டு வண்டியும் மோதியது ஆகியவைதான் என் செய்திகள். விமானம் என்பது எனக்கும் புதிது.

ஊருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் சிலர் குழு அமைத்து, டெல்லிக்கு மனுப் போட்டு வாங்கிய விமானம் அது. ஒற்றை என்ஜின், மூக்கில் விசிறி, வெளிறிய வெள்ளிப் பூச்சு. கூடவே ஒரு கடிதமும் வந்திருந்தது. விமானம் பணியில் இருந்த காலத்துத் தோற்றத்திலேயே நிறுத்தப்பட வேண்டும், கற்பனை அலங்காரம் கூடாது, மீறினால் திரும்பப் பெறப்படும். குழுவின் தலைவர் நூல் வியாபாரி. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப பச்சைக் கலரு அடிக்க முடியாதா?" என்று கேட்டார். காலண்டரில் அவர் பார்த்த போர் விமானம் பச்சை.

தோற்றத்தை முடிவு செய்யும் பொறுப்பு மிலிட்டரிக்காரரிடம் போனது. விமானப் படையில் விமானங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அறுபத்தைந்து பாகிஸ்தான் போரைப் பார்த்தவர் என்று சொல்ல அவர் ஒருவர்தான். போர் முடிந்து லீவில் வந்தபோது பஸ் நிலையத்திலேயே மாலை போட்டார்கள். அன்று அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. மாலையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். பிறகு உயர்நிலைப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள்; அங்கே விமானங்களுக்கு ராக்கெட் பொருத்தியதாகச் சொன்னார். அதன்பின் ஆண்டுதோறும் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக் கொடியை அவர்தான் ஏற்றினார். ஜூலை கடைசியில் தலைமையாசிரியரின் கடிதம் வரும். அதைத் தபால்காரரிடம் வாங்கும்போது தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்.

பழைய விமானத்தை மீட்பதில் உள்ள சிக்கலைக் குழுவுக்கு அவர்தான் விளக்கினார். ஒரு விமானத்துக்கு ஒரே தோற்றம் கிடையாது. ஒரு வருடம் பயிற்சிக்குப் போகும், மறு வருடம் வேறு வேலைக்குப் போகும். ஒவ்வொரு வேலைக்கும் வண்ணம் வேறு, வயிற்றிலும் இறக்கையிலும் மாட்டும் சாமான்கள் வேறு. எந்த வருடம் என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தலை முதல் வால் வரை அந்த வருடமாகவே நிறுத்த வேண்டும். அவர் அறுபத்தைந்தைத் தேர்ந்தார். உடல் முழுக்க வெள்ளி, இறக்கைக்கு நான்காக எட்டு ராக்கெட்.

"எட்டா!" என்றார் தலைவர், பச்சையை மறந்து.

ராக்கெட்டுகளைச் சவுக்கு மரத்தில் கடையச் சொல்லித் தச்சுப் பட்டறையில் கொடுத்தார்கள். வண்ணத்துக்கு, வேறு ஊராக இருந்தால் பெயின்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். இந்தக் குழுவில் பாதிப்பேர் தறிக்காரர்கள், மீதி நூல்காரர்கள். வண்ணம் என்றதும் சாயக்காரரைக் கூப்பிட்டார்கள். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற மனிதர். முழங்கை வரை நீலம் ஏறியிருக்கும். நாற்பது வருடமாக நூலுக்குச் சாயம் போட்டவர், தகரத்தைத் தொட்டதில்லை. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

அவர் முதலில் செய்தது, வால் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளிப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்தது. மிலிட்டரிக்காரர் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி செய்றீக? வெள்ளி மேல வெள்ளிதான அடிக்கப் போறோம்?"

"அடிச்சாயம் தெரியாம மேச்சாயம் போட மாட்டேன். எங்கப்பன் போட்டதில்ல, நானும் போட மாட்டேன்."

"இது நூலு இல்லய்யா!"

"நீங்க விமானத்துக்குப் பெரிய ஆளு. ஒத்துக்கிடுதேன். சாயத்துக்கு நானு."

வெள்ளிக்குக் கீழே மஞ்சள் தெரிந்தது. இன்னொரு சாண் தேய்த்தார். மஞ்சளின் மேல் அகலமான கறுப்புப் பட்டை ஒன்று சாய்வாக ஓடியது. சாயக்காரர் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்து, "மஞ்ச முந்தி, கறுப்பு பிந்தி, வெள்ளி நேத்துப் போட்டது. ரொம்ப வருசம் வெயில்ல இருந்த மஞ்ச" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

மிலிட்டரிக்காரர், பொருத்தியிருந்த இறக்கையின் நிழலில் உட்கார்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். செய்தி சேகரிக்கிறவன் கேட்கிற சாதாரணக் கேள்விதான். அவர் விமானத்தின் வயிற்றுப் பக்கம் இருந்த ஒரு கொக்கியைக் காட்டினார்.

"இறக்குன அன்னைக்கே பாத்துட்டேன் தம்பி. இது சண்டைக்குப் போன வண்டி இல்ல. துணி இழுத்த வண்டி."

சொல்லத் தொடங்கியபின் அவர் நிறுத்தவில்லை. வடக்கே ஒரு பயிற்சித் தளம். இந்த மாதிரி ஒரு விமானம் நீளமான கயிற்றில் ஒரு துணியை இழுத்துக்கொண்டு பறக்கும். மற்ற விமானிகள் அந்தத் துணியைச் சுட்டுப் பழகுவார்கள். இழுக்கிற விமானத்தை யாரும் தவறிச் சுட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் மஞ்சளும் கறுப்புப் பட்டையும். ஒவ்வொரு விமானியின் குண்டு முனையையும் ஒரு வண்ணத்தில் தோய்த்திருப்பார்கள். துணி கீழே வந்ததும் தரையில் விரித்து, ஓட்டையின் ஓரத்தில் ஒட்டிய வண்ணத்தைப் பார்த்து, யாருக்கு எத்தனை என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அறுபத்தஞ்சுல நான் அதத்தான் செஞ்சேன். ஓட்டை எண்ணுனேன். இது தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னையக் கொடியேத்தக் கூப்பிடுவான்? நீங்க எழுதிறாதீக."

எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. அன்றைய செய்தியில், விமானத்தில் பழைய வண்ணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் குழு விமானத்தடியில் கூடியது. தலைவர் குனிந்து, தேய்த்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"ஏய், புலிய்யா இது!"

எல்லோரும் குனிந்தார்கள். எல்லோருக்கும் புலி தெரிந்தது. இப்படி ஒரு பட்டை போட்டதென்றால் எப்பேர்ப்பட்ட போரில் பாய்ந்திருக்க வேண்டும் என்று ஒருவர் வியந்தார். கடிதத்தின் நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. பணிக்காலத்துத் தோற்றமே புலித் தோற்றம். பட்டைகளைக் கொஞ்சம் நெளித்துப் போடலாம், மூக்கில் கண்ணும் பல்லும் வரையலாம், எட்டு ராக்கெட்டும் இருக்கட்டும் என்று பத்து நிமிடத்தில் தீர்மானம் ஆயிற்று.

நான் மிலிட்டரிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தப்பித்துவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊரே அவருக்காகப் பொய்யை முடித்துக் கொடுத்திருந்தது, அவர் சொன்னதைவிட நன்றாகவே. அவரும் ஒரு நிமிடம் பொறுத்தார். கடைசல் வேலை முடிந்த முதல் ராக்கெட்டை ஒருவர் இறக்கைக்கு அடியில் பிடித்து, "இங்கனயா?" என்று கேட்டார்.

"மஞ்ச வண்டியில ராக்கெட் வராது" என்றார் மிலிட்டரிக்காரர்.

"ஏன் வராது? நீங்கதான எட்டுன்னீக?"

"அது வெள்ளிக்கு. வெள்ளின்னா ராக்கெட்டு. மஞ்சன்னா கொக்கி. ரெண்டையும் சேத்து எந்த வருசத்துலயும் எந்த வண்டியும் பறந்ததில்ல. பட்டையும் நெளியாது. நேர்பட்டை. புலியாம், புலி!"

"சும்மா அழகுக்குத்தான அண்ணாச்சி. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்! பொய்யே சொன்னாலும் ஒரு முறையாச் சொல்லணும்ல?"

அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. கொக்கியைச் சொன்னதும் துணியைச் சொல்ல வேண்டியிருந்தது. துணியைச் சொன்னதும் ஓட்டையை. அப்ப அறுபத்தைந்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தலைவர் கேட்டதும், அதையும்.

தலைவர் ராக்கெட்டை வாங்கித் தரையில் வைத்தார். வைத்த விதத்தில் ஒரு துக்க வீட்டு மரியாதை இருந்தது. "பத்து வருசமா மாலை போட்டோமேய்யா" என்றார், மாலையெல்லாம் தான் பறித்த பூ மாதிரி.

அப்போது சாயக்காரர் நூலின் பருமனைக் கேட்டார்: "அந்தத் துணி எத்தனையாம் நம்பரு நூலு?"

மிலிட்டரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியாது. கெட்டித் துணி."

"எண்ணுனேங்கிறீக, நம்பரு தெரியாதா?"

"ஓட்டையத்தான் எண்ணுனேன்."

தறிக்காரர்களுக்கு உயிர் வந்தது. நீளம் என்ன, அகலம் என்ன, அந்தக் காற்றில் கரை பிரியாமல் எப்படி நின்றது, வண்ணம் ஓட்டையின் உள்பக்கம் ஒட்டுமா வெளிப்பக்கமா? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பத்து வருடமாக அவர் போரைப் பற்றிப் பேசியபோதெல்லாம் யாரும் அவரிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. பணிக்காலத்துத் தோற்றம் என்றால் துணியும் சேர்ந்ததுதானே என்று ஒருவர் சொன்னார். தலைவருக்கு மறுக்க வழியில்லை. துணி வேண்டாம் என்று அந்த ஊரில் எந்த நூல் வியாபாரி சொல்வார்?

விமானம் மஞ்சளாக, நேர்பட்டையோடு நின்றது. வயிற்றுக் கொக்கியிலிருந்து ஒரு கல்தூண் வரை பதினாறு முழத் துணி கட்டினார்கள். அதில் மிலிட்டரிக்காரர் ஓட்டை போட, சாயக்காரர் சிவப்பும் நீலமும் பச்சையும் ஓரத்தில் தடவினார். நான் முழு விவரத்தையும் எழுதி அனுப்பினேன். "போரில் பாய்ந்த புலி விமானம்" என்ற தலைப்பில் ஆறு வரி வந்தது. என் முதல் செய்தியையும், தலைவர் தனியாகக் கொடுத்திருந்த பேட்டியையும் மதுரை அலுவலகத்தில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். மிலிட்டரிக்காரர் அந்தத் தாளைக் கொண்டுவந்து திருத்தம் போடச் சொன்னார். இத்தனைக்கும் அந்த ஆறு வரி நின்றிருந்தால் லாபம் அவருக்குத்தான். நான் இரண்டு முறை எழுதினேன். திருத்தம் வரவில்லை.

அந்த ஜூலையில் பள்ளியிலிருந்து கடிதமும் வரவில்லை. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி தலைவர் கொடியேற்றினார். குறிப்பெடுத்துக்கொண்டு பூங்கா வழியாகத் திரும்பினேன். மிலிட்டரிக்காரர் சலவைச் சட்டை போட்டு, கையில் நோட்டுடன் துணியருகே நின்றிருந்தார். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு எந்த ஓட்டை எந்த வண்ணம் என்று காட்டிக்கொண்டிருந்தார். துணியின் தொங்கிய நுனியை ஆடு கடித்து ஒரு பெரிய பொத்தல் ஆக்கியிருந்தது.

"இது யாரு சுட்டது?" என்று அந்தக் குடும்பத்தின் பெரியவர் கேட்டார்.

"ஓரத்துல சாயம் இல்ல பாருங்க," என்றார் அவர். "இது கணக்குல வராது."