டிக் சத்தம்

"டிக்" என்றொரு சத்தம். தீப்பெட்டியை நகத்தால் சுண்டினால் வருமே, அந்த அளவுதான். ஒன்பதாம் வகுப்பில் நான் செய்த ரிமோட்டின் பொத்தான் எழுப்பிய சத்தம் அது. இன்றைக்கும் அதுபோல ஒன்று காதில் விழுந்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்டெல்லாவும் அவள்மேல் எனக்கிருந்த பொறாமையும்தான். "இருந்த" என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவள் வீடு. அந்த வருடம் பள்ளிக் கண்காட்சிக்கு இருவருமே ரிமோட்டில் ஓடும் படகு செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தோம். மாவட்டக் கண்காட்சிக்குப் போகப்போவதோ ஒரே ஒரு படகு. தபால்தலை அளவில் மூன்று கம்பிக் கால்களோடு ரேடியோ சிக்னலை அனுப்புகிற மாட்யூல் ஒன்று, விரல் நீளத்தில் நான்கு கால்களோடு அதை வாங்குகிற மாட்யூல் ஒன்று. முதலாவது ரிமோட்டுக்குள், இரண்டாவது படகுக்குள், இரண்டு பக்கமும் புரோகிராம் ஏற்றிய ஒவ்வொரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அந்த நான்கு கால்களில் நடுவிலுள்ள இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சொல்லித்தர ஆளில்லை. ஆன்டெனாவுக்குப் பதினேழு சென்டிமீட்டர் ஒயர் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்த பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலோடு ஒரு விரல் அகலத்தைக் கூட்டி வெட்டி, முறுக்கி, டேப்பைச் சுற்றினேன். ஸ்டெல்லாவுக்கோ துறைமுகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவள் அண்ணன் "சால்டர்" வைத்துக் கொடுத்தார். அந்த ஈயப் பொட்டுகள் மூக்குத்தி மாதிரி மின்னின.

அவள் படகைப் பார்த்துவிட்டு வந்த என் அம்மாவே, "அந்தப் பிள்ள எம்புட்டு நறுவிசா செஞ்சிருக்கா தெரியுமா!" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏளா, அவ படகையே பாத்துக்கிட்டு இருந்தா ஒன் படகு எங்கன போவுதுன்னு ஒனக்குத் தெரியாமப் போயிரும்" என்றாள்.

அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு போய், பாத்திக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்காலில் என் படகை விட்டேன். வாத்து மாதிரி நிமிர்ந்து மிதந்தது. நான் அழுத்திய பக்கமெல்லாம் திரும்பியது. உப்பளத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். ஸ்டெல்லா ஒழிந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியன்று பள்ளியின் சிமெண்டுத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். முதலில் என் முறை. தண்ணீரில் வைத்ததுமே படகு ஒரு விரற்கடை கூடுதலாக அமிழ்ந்தது. கெட்டியான உப்புத் தண்ணீர் தாங்கிய கனத்தை நல்ல தண்ணீர் தாங்காது என்று உப்பளத்துக்காரி மகளுக்கு உறைக்கவில்லை. நான் ஒயருக்குப் போட்டிருந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போய், தொட்டி நடுவில் படகு செத்தது. ரிமோட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஸ்டெல்லாவின் படகு இறங்கியது. அன்னம்போலப் போனது. ஆத்திரத்தில் என் கட்டைவிரல் பொத்தானில் பதிந்தது. டிக். அவள் படகு இடப்பக்கம் வெட்டித் திரும்பியது.

ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்த மாட்யூல்கள் எல்லாமே ஒரே அலைவரிசை. நாங்கள் இருவரும் புரோகிராமை எடுத்ததும் இணையத்தில் ஒரே பக்கத்திலிருந்து. என் பொத்தானுக்கு அவள் படகும் அடிமை. முதல் முறை தெரியாமல் அழுத்தியது. இரண்டாவது முறை தெரிந்தேதான் அழுத்தினேன். மூன்றாவது முறை அழுத்தியபோது அந்தப் படகு தொட்டிச் சுவரில் போய் முட்டி நின்றது.

"என்ன ஸ்டெல்லா, படகு ஒன் பேச்சக் கேக்க மாட்டேங்குது?" என்று அறிவியல் சார் சிரித்தார்.

அவள் படகைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஆனால் அவள், "சார், இது ரெண்டு ரிமோட்டுல ஓடுத படகு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு அவகிட்ட. நாங்க சேந்து செஞ்சது" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ வலத்த திருப்புளா" என்றாள்.

திருப்பினேன். படகு திரும்பியதைப் பார்த்ததும் சாரும் நம்பிவிட்டார். மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் இருவர் பெயரும் போனது. அவள் காட்டிக் கொடுத்திருந்தால் அன்றோடு சண்டையாகி, என் பொறாமையும் தீர்ந்திருக்கும். அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்ததுதான் என்னால் தாங்க முடியாததாகிவிட்டது.

இப்போது அந்தச் சிமெண்டுத் தொட்டி இல்லை; அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். இன்றைய ரிமோட்டுகள் தங்கள் ஜோடியைத் தவிர வேறெதையும் சட்டை செய்வதில்லை. அடுத்தவள் படகை இனி யாரும் திருப்பிவிட முடியாது. ஸ்டெல்லா கப்பல் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிடக் கூப்பிட்டாள். கூடத்து அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படகு இருந்தது, ஈயப் பொட்டு மின்ன. என் கைப்பையில், புது பேட்டரி போட்ட என் பழைய ரிமோட். அவளிடம் காட்டத்தான் எடுத்துப் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களைக்குள் போனதும், பைக்குள் கை விட்டு அழுத்தினேன்.

டிக்.

படகு அசையவில்லை. அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஏளா, நீ வாரன்னுதான் அதுல பேட்டரியக் கழத்தி வச்சிருக்கேன்."