அண்ணன் வரைந்த கோடு

பதுளையில் டியூஷன் நடத்தும் கணக்கு வாத்தியார் அவர்; எங்களுக்கு ‘சேர்’. காதோர நரைக்குச் சாயம், காலில் பளபளக்கும் சப்பாத்து. யாருடைய கிராஃப் கல்குலேட்டர் கைக்கு வந்தாலும், பிள்ளைகள் விடையை ஒளித்திருப்பார்கள் என்று முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

போன மாதம் செத்துப்போன என் அண்ணன் அவரிடம்தான் படித்தான். அவன் கடைசியாக வரைந்த வளைகோடு அவனுடைய கல்குலேட்டரில் அப்படியே இருந்தது. கொண்டுபோய் நீட்டினேன்.

“அண்ணன் போட்டதுங்க சேர். இந்தக் கோடு என்னா சொல்லுதுங்க?”

திரையைப் பார்க்காமலே அழித்தார். நான் அழுதேன்.

“அழுவாத புள்ள. சமன்பாட்டச் சொல்லு, திரும்பப் போட்டுத் தாரேன்.”

“எனக்கு எங்க சேர் தெரியும்? நான் தோட்டத்துல தேயிலக் கொழுந்து எடுக்கிறவ.”

ஏதோ ஒன்றைத் தட்டி நீட்டினார்.

“இந்தா, இதுவும் வளைஞ்சுதானே இருக்கு.”

அது வேறு கோடு என்று எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற எனக்கே தெரிந்தது. இந்த ஆளிடமா அண்ணன் இரண்டு வருசம் கணக்குப் படித்தான்?