கடையில் நான் பார்த்ததில்லை

கதிரேசனின் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். வேறு யாருமில்லை. பொய் சொல்லிக் கெடுத்திருந்தால்கூட ஒருவிதத்தில் பரவாயில்லை. உண்மையைச் சொல்லியே கெடுத்தேன்.

என்னைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தேன், பிறகு டைல்ஸ் ஒட்டினேன். இன்றைக்குத் திருநகரில் இரண்டு மாடியில் கண்ணாடி வைத்த டைல்ஸ் கடை. கட்டடமும் என்னுடையது. ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தாலே போதும், எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். எந்த இன்ஜினியரும் எனக்குப் பாடம் நடத்த முடியாது.

கதிரேசன் என் கடை மேனேஜர். முப்பதை நெருங்கும் வயது. தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, நிதானமான பேச்சு. நான் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு. அப்படியே முதலாளியாக உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பெருமை... ஒருநாள் வரைக்கும்.

அழகர்கோவில் சாலையில் வீடு கட்டும் ஓர் அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், காரில் வந்து இறங்கினார். வாசலோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் குடையை நீட்டினார். "இதக் கொஞ்சம் ஓரமா வைங்க பெரியவரே, ஓனரப் பாத்துட்டு வாரேன்." நேராகக் கதிரேசனிடம் போனார்.

அவன் பதறி எழுந்தான். "அம்மா, அவுகதாம்மா ஓனரு. நான் வேலை பாக்குறவன்."

அந்த அம்மா சிரித்துச் சமாளித்தார். நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. என் கடைக்கு நான்தான் முதலாளி என்று அவன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே! எனக்கு அவன் பிச்சை போட்டது போல இருந்தது.

அன்றிலிருந்து என் பார்வை மாறியது. வாடிக்கையாளரிடம் நான் அரை மணி நேரம் பேசினால் வியாபாரம், அவன் பேசினால் அரட்டை. நான் தாமதமாக வந்தால் வெளிவேலை, அவன் வந்தால் திமிர். அவன் தலை சீவுவதுகூட என் நாற்காலிக்காகத்தான் என்று தோன்றியது. விற்பனை ஏறியது... அதைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் யாரையும் இப்படிப் பார்த்ததே இல்லையா? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவன் வெட்கத்தோடு சொன்னான்: "ரொம்பப் பிடிச்சிருக்குண்ணே. என்னையப் பத்தி விசாரிக்கணும்னாக. வேற எங்கயும் போக வேணாம், எங்க அண்ணன்ட்ட கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கே, அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பெண்வீட்டார் வந்து விசாரிப்பார்கள். முதலாளி சொல்லும் சொல்லுக்கு ஜாதகத்தைவிட மதிப்பு அதிகம்.

பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். கதிரேசன் ஆனையூரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். தாய்மாமன் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போட்டோவப் பாத்து, மாப்ளதான் கடைக்கே ஓனருன்னு நெனச்சுட்டோம்ணே. அம்புட்டு அம்சம்."

அங்கேதான் நான் கெட்டேன்.

"பழக்கவழக்கமெல்லாம் எப்படிண்ணே? குடி கிடி உண்டா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

அவன் குடிக்க மாட்டான். எனக்குத் தெரியும். கடை ஆட்களைக் குற்றாலம் கூட்டிப்போய் நானே பாட்டில் வாங்கிக் கொடுத்தபோது, மோர் குடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவன் அவன். கிடையவே கிடையாது என்று சொல்ல வேண்டியதுதானே? நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கடையில இருக்கும்போது நான் பாத்ததில்லங்க."

அவர் டீயைப் பாதியில் வைத்தார். "வெளியில...?"

"வெளியில நடக்குறதெல்லாம் நமக்குத் தெரியுமா? எதுக்கும் நாலு எடத்துல விசாரிச்சுக்கங்க."

இதில் எங்கே பொய்? சொல்லுங்கள்... ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் எந்தக் கண்ணால் அவனைப் பார்த்தேனோ, அந்தக் கண்ணால் அவர்களையும் பார்க்க வைத்தேன். அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கதிரேசன் கண் சிவந்து என் முன்னால் வந்து நின்றான்.

"நான் குடிப்பேன்னு யாரோ சொல்லிட்டாகண்ணே. நீங்க ஒரு எட்டு வந்து அவுகட்ட பேசுனா சரியாயிரும். உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கு."

போயிருக்கலாம். போனால், "நீங்கதானய்யா அன்னிக்கி இழுத்துப் பேசுனீக" என்று அந்த மனிதர் அவன் எதிரிலேயே கேட்டுவிட்டால்? "பாப்போம்ப்பா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் நிச்சயம் ஆகும்வரை பாப்போம், பாப்போம் என்றே ஓட்டினேன். சிமெண்டு மூட்டையை ஒற்றை ஆளாக மாடிக்கு ஏற்றியவனுக்கு, காரை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி வரை போகத் தெம்பில்லை!

பேச்சு பரவிவிட்டது. அடுத்து வந்த சம்பந்தங்களும் விசாரிப்போடு நின்றன. "போதும்ணே. இனிப் பாக்க வேணாம்னு அம்மாட்ட சொல்லிட்டேன்" என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வருகிறான். ஏன் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் பக்கத்துப் பெயிண்டுக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். "கடையே கதின்னு கெடக்கானேண்ணே உங்க பய. எனக்கு இப்படி ஒரு ஆளு அமையலையே. உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்கு."

"நம்ம வளர்ப்பு அப்படி" என்றேன்.

அது கதிரேசன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்து, நன்றியோடு சிரித்தான்.