பழைய அம்பாசிடருக்குப் புது செட்டு

காரு வாங்கி ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள பாட்டு செட்டு மாட்டிகினு வந்து நின்னாரு எங்க வூட்டுக்காரரு. கம்பெனியில இவருக்கு விஆர்எஸ் குடுத்து, வயசு ஆவறதுக்கு முன்னாடியே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. கையில வந்ததப் போட்டு, வாடகைக்கு ஓட்டலாம்னு பழைய அம்பாசிடர் ஒண்ணு எடுத்தோம். சோறு அதுலதான் வரணும். பின்னாடி கதவு ஒழுங்கா சாத்தல, மழை பெஞ்சா கால் கீழ தண்ணி. அதையெல்லாம் உட்டுட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போயி சிடி செட்டு, பின்னாடி ரெண்டு தடி தடி ஸ்பீக்கரு, சீட்டுக்கு அடியில தும்தும்னு அடிக்கறதுக்கு ஒரு பெட்டி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

"இன்னாமே முறைக்கிற? ரிமோட்லாம் கீது பாரு"ன்னாரு.

கை எட்ற தூரத்துல கீற செட்டுக்கு ரிமோட்டு! செட்டோட முகப்ப தனியா கழட்டிக்கலாம், திருட்டு போவாதுன்னு கடைக்காரன் சொல்லிட்டானாம். அதக் கழட்டி சட்டைப் பையில போட்டுகினுதான் கல்யாணத்துக்கும் போவாரு, சாவுக்கும் போவாரு. மூலக்கொத்தளம் இடுகாட்டுல எங்க பெரியப்பாவுக்கு மண்ணு போடக் குனிஞ்சப்ப அது நழுவி குழிக்குள்ள உழுந்துச்சு. ஜனங்க அழுதுகினு நிக்கிறாங்க, இந்த ஆளு குழியில எறங்கி எடுக்கறாரு. அந்த அசிங்கத்த நான் இன்னும் மறக்கல.

சவுண்டு அதுக்கு மேல பேஜாரு. தேரடியில வண்டி திரும்பினா எங்க தெருவுல ஜன்னல் கண்ணாடி அதிரும். சென்ட்ரலுக்குப் போற கிராக்கிங்க பின்னாடி உக்காந்து டிரைவர், டிரைவர்னு கூப்புடும். இவரு திரும்பவே மாட்டாரு. தோளத் தொட்டாதான், "பாட்டு சத்தத்துல கேக்கல சார்"னு பல்லக் காட்டுவாரு. ஒரு தடவ ஏறினவங்க மறுபடி கூப்புடல. ஸ்பீக்கர் கிழிஞ்சி கர்ர்னு இரைஞ்சாலும் இவருக்கு சூப்பரா கீதாம்.

எனக்குத் தெரியாதா இன்னா விஷயம்னு? கம்பெனியில இவருக்கு இரும்புத் தகட்ட சம்மட்டியால தட்ற வேலை. அந்த செக்ஷன்ல எவனுக்கும் காது கிடையாது, கைய ஆட்டித்தான் பேசிப்பானுங்க. வருஷா வருஷம் டாக்டர் வந்து காத சோதிப்பாரு. தலையில ஹெட்போன மாட்டி பட்டன அழுத்துவாரு, சத்தம் கேட்டா கையத் தூக்கணும். கேக்கலன்னா வேற செக்ஷனுக்கு மாத்திடுவாங்க, ஓவர்டைம் போயிடும். அதனால இவனுங்க ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்துகினானுங்க: காத உடு, டாக்டர் விரலப் பாரு. விரல் பட்டனுக்குப் போனா கையத் தூக்கு. அல்லாரும் பாஸு. டாக்டரையே டபாய்ச்சிட்டோம்னு வூட்டுக்கு வந்து சிரிப்பாரு.

யாரு யார டபாய்ச்சது? அந்த டாக்டருக்குத் தெரியாமயா இருந்துருக்கும்? வேலைய உட்டு வர்றப்ப, காது போனதுக்கு நஷ்டஈடு எதுனா குடுங்கன்னு கம்பெனியில போயி நின்னா, "உன் காது வருஷா வருஷம் நல்லாத்தானய்யா இருந்துச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. அவனுங்க நல்லா இருப்பானுங்களா? நாசமாத்தான் போவானுங்க.

அந்த செட்டு பாட்டு கேக்க வாங்கினது இல்ல. பாட்டு அலறிகினு இருந்தா, கூப்பிட்டும் திரும்பாதவன யாரும் செவுடன்னு சொல்ல மாட்டாங்க. திமிரு புடிச்சவன்னுதான் சொல்லுவாங்க. இவருக்கு அது போதும்.

அப்பால ஒரு நாள் கிராக்கி ஒருத்தர் எங்க வூட்டு வாசல்லயே எறங்கி என்னக் கூப்ட்டு சொன்னாரு. மணலி ரோட்டுல டேங்கர் லாரிக்காரன் பின்னாடியே ஹாரன் அடிச்சிகினு வந்துருக்கான், இவரு ஒதுங்கவே இல்ல. இடிக்காம தப்பிச்சதே பெருசு. லாரிக்காரன் முன்னால வந்து மறிச்சி, "வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"ன்னு கேட்டானாம். இவரு அவன் கிட்டயும் பாட்டு சத்தம்னு சொல்லிருக்காரு.

"யோவ், எவனாவது செத்தாதான் ஒத்துப்பியா? காதுக்கு மிஷினு வெச்சிக்கோயா"ன்னு கத்தினேன்.

"காதுல மிஷின் வெச்சவன் ஓட்ற வண்டியில எவன்மே ஏறுவான்?"னாரு.

நெசந்தான. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அதுக்கு அப்பால ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ராயபுரத்துல மாதா கோயில் பூசைக்குக் கெளம்பினோம். முன் சீட்டுல உக்காந்தேன். செட்டப் போட்டாரு. சத்தமே வரல. ஸ்பீக்கர் ஒரேயடியா எரிஞ்சி போச்சு. ஆனா செட்டு முகப்புல பச்ச பச்சயா கோடு ஏறி எறங்கிகினு கீது, பாட்டு ஓடுதுன்னு காட்ட. இவரு அதப் பாத்து ஸ்டியரிங்குல தாளம் போடறாரு. தலைய ஆட்டறாரு. கடலோரம் காக்கா கத்தறது கூட எனக்குக் கேக்குது, இன்ஜின் சத்தத்த உட்டா காருக்குள்ள வேற சத்தமே இல்ல.

"இந்தப் பாட்டுன்னா எனக்கு உசுருமே!"ன்னு கத்தறாரு. இல்லாத பாட்டுக்கு மேல எனக்குக் கேக்கணும்னு அப்படிக் கத்தறாரு. இந்த மனுஷன் காதுல கடைசியா எப்ப பாட்டு உழுந்துதோ?

என் மொகத்தப் பாத்துட்டாரு. நான் எத்தினி நாளு தொண்டை கிழியக் கத்தியும் கேக்காத ஆளு அன்னிக்கு, "இன்னாமே, சவுண்டு ஜாஸ்தியா கீதா?"ன்னாரு.

எப்பவும் வாயில வர்ற ஏச்சு பேச்சு எதுவும் வரல. "ஆமாய்யா, கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு கைய ஆட்டிக் காட்டினேன்.

வால்யூமத் திருப்பினாரு. "இப்ப?"

"சரியா கீது."

பூசை முடிஞ்சி வந்து வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினதும், இனிமே நீ ஓட்ட வேணாம்யான்னு கைய ஆட்டிக் காட்டி சாவியக் கேட்டேன். சாவியக் கழட்டி என் கையில வெச்சிட்டாரு.