கோணாமலையும் துரையின் நெஞ்சும்

செட்டிபாளையத்துக் கோணாமலை பிறவியிலேயே வாவி மீனவர். தொண்ணூறாம் ஆண்டு, வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று ஆமி சொன்னதோடு அவருடைய வலை பரணில் ஏறியது. வயிற்றைப் பரணில் ஏற்ற முடியுமா? பிரதான வீதியோரத்துத் தென்னந்தோட்டத்தில் மான், மயில் என்று வளர்த்துவந்த ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவர் தலையில் விழுந்தவன் துரை.

துரை ஓர் ஆண் சிம்பன்சி. ஊருக்கு வந்த சர்க்கஸ்காரர்கள் கலவரத்துக்குப் பயந்து ஓடியபோது விட்டுப்போன குட்டி. கூலிக்காரரைப் பார்க்கும் முதலாளி மாதிரி எல்லோரையும் பார்ப்பான், அதனால்தான் அந்தப் பெயர். காலையில் பாணும் பிளேன்டீயும் வேண்டும். சீனி குறைந்தால் கோப்பை பறக்கும். "என்னோட கதைச்சதைவிட அந்தக் குரங்கோட கதைச்சதுதான் கூட" என்று கோணாமலையின் பெண்சாதி கண்ணகை சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை.

சமாதான ஒப்பந்தம் வந்து ஒரு வருடத்தில் துரைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காத்தான்குடி மிருக வைத்தியர் ஸஹீதா வந்து பார்த்தார்.

"அண்ணன், கூட்டில வளர்ற ஆண்களுக்கு இது வாறதுதான். நெஞ்சுத் தசை சத்தமில்லாம இறுகிப் போகும். ஒருநாள் பொத்தெண்டு விழுந்திடும். ஸ்கான் பண்ணிப் பார்த்தாத்தான் என்ன மருந்தெண்டு சொல்லலாம்."

"மயக்க ஊசி போட்டுப் பாருங்களன் டொக்டர்."

"இந்த நெஞ்சுக்கு மயக்கம் குடுத்தா எழும்பாமலே போயிருவான். முழிச்சிரிக்கக்குள்ளதான் பார்க்கணும். நெஞ்சைக் கம்பியோட ஒட்டி, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நிக்கணும். பழக்குங்க. மூணு கிழமையில மெஷின் இரவலா வருது. ஒரு நாள்தான் நம்மட கையில இரிக்கும்."

கோணாமலை படாத பாடு பட்டார். கம்பிக்கு முன்னால் குந்தியிருந்து, வாழைப்பழத்தை மேலே காட்டி, "என்ட ராசா, தூக்கு மனே" என்று கெஞ்சினார். துரை ஒரு கையை நீட்டிப் பழத்தைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டினான். அவரே இரண்டு கைகளையும் தூக்கி நின்று காட்டினார். துரை ஒரு கணம் பார்த்துவிட்டு மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டான். அன்று முழுவதும் வரவில்லை. மூன்று வாரமும் இப்படியே போயிற்று. கல்லில் நார் உரிக்கலாம், இவனிடம் முடியாது என்று அவருக்கு அழுகை வந்தது. ஸ்கான் இல்லையென்றால் துரை செத்துவிடுவான்.

அந்த நாளும் வந்தது. ஸஹீதா மெஷினைத் திறந்து, நெஞ்சில் வைத்துப் பார்க்கும் அதன் கறுத்த கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பியருகே வந்தார். துரை அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. டொக்டருக்கும் பொறுமை போய்விட்டது. கைப்பிடியை நீட்டி, அதட்டலாகவே சொன்னார்:

"கையத் தூக்கு!"

துரை எழும்பினான். கம்பியோடு நெஞ்சை ஒட்டினான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். கால்களை அகட்டி வைத்தான். கண்களை நிலத்தில் போட்டான்.

கோணாமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை அகட்ட அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்த யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. மெல்லத் திரும்பி வீதியைப் பார்த்தார். கூட்டுக்கு நேர் எதிரே ஆமியின் சென்றி, சோதனைச் சாவடி. ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே யாரையும் இறக்கிச் சோதிப்பதில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம், பஸ் பஸ்ஸாக இறங்கிய சனம் அந்த இடத்தில்தான் இப்படி நின்றது. 'கையத் தூக்கு' என்ற அதட்டலோடு, அவர்களுடைய உடம்பிலும் ஆயுதம் தேடும் ஒரு கறுத்த கருவி ஊர்ந்தது. அந்த வரிசையில் கோணாமலையும் நின்றார், ஒவ்வொரு நாளும். இத்தனையையும் கம்பிக்குள் இருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவருக்கு உடம்பு கூசியது.

ஸஹீதாவுக்கும் விளங்கிவிட்டது. "யா அல்லாஹ்" என்றார். அவரும் அந்தச் சென்றியில் நின்றவர்தான். துரையின் இடப்பக்க நெஞ்சில் கருவியை வைத்தார். திரையில் அவனுடைய இதயம் திறந்து திறந்து மூடியது.

"தசை தடிச்சிரிக்கி. ஆனா மருந்தால சமாளிக்கலாம் அண்ணன். பிழைப்பான்."

கருவியை எடுத்தாயிற்று. துரை கையை இறக்கவில்லை. ஸஹீதா பழத்தை நீட்டினார். அவன் பார்க்கவில்லை. "முடிஞ்சிது மனே, கையைப் போடு" என்றார் கோணாமலை. கைகள் அப்படியே நின்றன. மூச்சு இரைக்கத் தொடங்கியது.

"இப்பிடியே நிண்டா நெஞ்சு தாங்காது அண்ணன். எப்பிடியாவது இறக்குங்க!"

எப்படி இறக்குவது என்று கோணாமலைக்குத் தெரியும். சோதித்து முடிந்ததும், போகலாம் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் ஒரு சொல் சொல்வான். அதைக் கேட்கும்வரை யாரும் கையை இறக்கியதில்லை, கேட்டபின் யாரும் ஓடியதுமில்லை, திரும்பிப் பார்த்ததுமில்லை. அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டிவரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நிமிர்ந்து நின்று, துரையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"யன்ன!"

துரை கைகளை இறக்கினான். பழத்தை எடுக்கவில்லை. கோணாமலையைத் திரும்பியும் பார்க்காமல், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், நடந்து போனான்.