டேங்க் முத்திரையும் ஆர்டித் சோரன்சனும்

கிரான்ட்ஸ்வில் தொடக்கப் பள்ளியின் சமையற்கூடத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த ஆர்டித் சோரன்சன், அறுபத்தொன்றாம் வயதில் மணிக்கு நூற்று நாற்பது மைல் வேகத்தில் கார் ஓட்டப்போகிறாள் என்ற செய்தி பரவியபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. இத்தனை வருஷம் ஏன் ஓட்டவில்லை என்றுதான் கேட்டார்கள். பதறியது மகள் ஜனீல் ஒருத்திதான். அவளும் இரண்டு முறை தொலைபேசியில் அழுதுவிட்டு, மூன்றாம் முறை தீப்பிடிக்காத உடை என்ன அளவு வேண்டும் என்று விசாரித்தாள்.

ஆர்டித்தின் கணவன் லாவெல், வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பவன். கல்யாணமான வருஷமே 1929-ஆம் வருஷத்து ஃபோர்டு ஒன்றைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். கூரை இல்லாத இரண்டு இருக்கை வண்டி, நாலு சிலிண்டர் என்ஜின். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் இருவரும் அதை இழுத்துக்கொண்டு, வேகச் சாதனைப் பந்தயம் நடக்கும் உப்புவெளிக்குப் போனார்கள். அவன் ஓட்டினான். அவள் பந்தயச் சங்கத்தின் விதிப்புத்தகம் படித்தாள்.

இது கேலியாகச் சொல்வதல்ல. ஜனவரியில் புதுப் புத்தகம் தபாலில் வந்ததும், பள்ளிக்கூடத் தட்டுகள் கழுவி முடிந்த பிற்பகல்களில், சமையற்கூட மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பாள். பழைய வண்டிகளுக்கான பகுதி அவளுக்கு மனப்பாடம். என்ஜினின் இரும்புக் கூடு 1935-க்கு முன்னால் வார்த்ததாக இருக்க வேண்டும், உள்ளே ஓடும் பாகங்கள் நேற்றுச் செய்தவையாகவும் இருக்கலாம். வண்டியின் மூக்கை நீட்டினால் ஒரு பிரிவு, நீட்டாவிட்டால் வேறு பிரிவு. அதே வண்டி, அதே ஓட்டுநர், டேங்கில் சாதாரண பெட்ரோல் இருந்தால் ஒரு சாதனைப் பட்டியல், கலவை எரிபொருள் இருந்தால் இன்னொன்று. அதனால்தான் பெட்ரோல் பிரிவில் ஓடுகிறவர்கள் சங்கத்து லாரியிலேயே பெட்ரோல் நிரப்பி, டேங்க் மூடியைக் கம்பியால் கட்டி, எண் போட்ட முத்திரை வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அவள் வாசித்துக் காட்ட முயன்ற காலமும் உண்டு. அதான் நீ படிக்கிறியே, நானும் எதுக்கு என்று லாவெல் எழுந்து போய்விடுவான்.

நாலு வருஷத்துக்கு முன் லாவெலுக்கு இடது கண் பார்வை மங்கியது. மருத்துவர் ஓட்டுநர் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவன் வண்டிக்குப் போர்வை போட்டு மூடினான். அன்று இராச்சாப்பாட்டுப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே ஆர்டித் சொன்னாள்:

"நான் ஓட்டறேன்."

"எதை?"

"கொட்டகையில வேற என்ன இருக்கு?"

நினைத்தவுடன் ஓட்ட விட்டுவிட மாட்டார்கள். வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிக் காட்டி, ஒவ்வொரு படிக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். முழு உடையும் தலைக்கவசமும் கையுறையும் மாட்டி, பட்டைகளைத் தானே அவிழ்த்து, யார் உதவியும் இல்லாமல் வெளியே குதித்துக் காட்ட வேண்டும். ஆர்டித் அதைக் கொட்டகையில் நாற்பது தடவை பழகினாள். முழங்காலில் நிரந்தரமாக ஒரு நீலத் தழும்பு விழுந்தது. முதல் வருஷம் கீழ்ப்படிகளைத் தாண்டினாள். அடுத்த இரண்டு வருஷமும் மழைத் தண்ணீர் உப்பின் மேல் முழங்கால் அளவு நின்றது, பந்தயமே நடக்கவில்லை.

அந்த இரண்டு வருஷக் காத்திருப்பில்தான் என்ஜின் கூட்டில் மயிரிழை போல ஒரு விரிசலை லாவெல் கண்டுபிடித்தான். ஊசி ஊசியாகத் திருகாணி இறக்கித் தைத்தான். முழு வேகத்தில் இன்னும் அஞ்சு ஓட்டம் தாங்கும், ஆறாவதுக்கு நான் பொறுப்பில்லை என்றான். வேறு கூடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆக இந்த ஆகஸ்டில் சாதனை விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஃபோர்டும் ஆர்டித்தும் கொட்டகையோடு சரி.

தாண்ட வேண்டிய எண் 138.604. இருபத்திரண்டு வருஷமாக அதை வைத்திருந்தவர் ஃபிரெஸ்னோக்காரர் வெஸ் ப்ரூயிட். எழுபத்து நாலு வயது. பக்கத்துப் பந்தலிலேயே உட்கார்ந்து முலாம்பழம் வெட்டித் தின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சாப்பாடு போட்ட கையா என் ரெக்கார்டை எடுக்கப் போகுது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். சாதனைக்கு ஒரு தடவை வேகம் காட்டினால் போதாது. முதல் ஓட்டத்தில் பழைய எண்ணைத் தாண்ட வேண்டும். உடனே வண்டியை நேராகச் சங்கத்தின் காவல் வேலிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலை இன்னொரு ஓட்டம். இரண்டின் சராசரி பழைய எண்ணுக்கு மேல் இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை 133 தான் வந்தது. ஒரு ஓட்டம் வீண். புதன்கிழமை காலை லாவெல் பிக்கப் வண்டியால் ஃபோர்டின் பின்பக்கத்தை முட்டி ஐம்பது மைல் வேகம் வரை தள்ளிவிட்டு ஒதுங்கினான். இரண்டாம் கியர். மூன்றாம் கியர். என்ஜினின் உறுமல் அவள் பல்லில் கூசியது. பாதையைக் காட்ட உப்பின் மேல் போட்ட கறுப்புக் கோடு மட்டும் நேராக இருந்தது, மற்ற உலகம் முழுக்க வெள்ளையாக நடுங்கியது. பின்சக்கரம் லேசாக வழுக்கியபோது கால் தானாகத் தூக்கப் பார்த்தது. தூக்காதே என்று அவள் தன் காலை அதட்டினாள். பிள்ளைகளை அதட்டும் அதே குரல்.

140.217.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. தலைக்கவசத்துக்குள் சிரித்ததால் காது அடைத்தது.

காவல் வேலிக்குள் வண்டியில் கைவைக்க நாலு மணி நேரம் அனுமதி. உடையை மாற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சீஸ் உருளைக்கிழங்கை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ஆர்டித் திரும்பி வந்தபோது, லாவெல் இருக்கைக்குப் பின்னால் குனிந்து துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கம்பி வெட்டும் குறடு கிடந்தது.

"மூடியில கசிஞ்சுது ஆர்டித். உன் முதுகுக்குப் பின்னாடிதானே டேங்க். தீப்பிடிச்சா? அதான் வாஷரைத் திருப்பிப் போட்டேன்."

"கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குறட்டைப் பார்த்தான். "அறுத்தேன்."

"டுவைட் பக்கத்துல இருந்தாரா?"

"அவரு அங்க சாண்ட்விச் சாப்பிட்டுட்டிருந்தாரு. அதுக்குப் போய் அவரை எதுக்கு எழுப்பணும்னு..."

டுவைட் பாஸ்கோம் வேலியின் பரிசோதகர். அவர் முன்னிலையில் இல்லாமல் முத்திரையை உடைத்தால் அந்த டேங்கில் இருப்பது பெட்ரோல் என்பதற்குச் சாட்சியே கிடையாது. முதல் ஓட்டமும் கணக்கில் வராது. முப்பது வருஷம் விதியைப் படிக்காத மனுஷன், அவள் முதுகு வேகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை இது. அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

முறுக்கி ஒட்டவெச்சுடறேன், அச்சு அசலா இருக்கும் என்று லாவெல் தாழ்ந்த குரலில் சொன்னான். ஆர்டித்துக்கு அது ஒன்றும் புதிதாகக் கேட்ட பேச்சல்ல. சமையற்கூடத்தில் குளிர்பெட்டியின் சூட்டு அளவை மணிக்கொரு முறை பார்த்து எழுத வேண்டும். ஒருநாள் உதவிக்காரி பார்க்காமலே எழுதியிருந்தாள். அன்று முந்நூறு பிள்ளைகளுக்கான இறைச்சிக் குழம்பை ஆர்டித் குப்பையில் கொட்டவைத்து, எல்லோருக்கும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுத்தாள். குழம்பு கெட்டிருக்காது என்று அவளுக்கும் தெரியும்தான்.

தட்டை வண்டியின் மூக்கின் மேல் வைத்துவிட்டு நேராக டுவைட்டிடம் நடந்தாள்.

அவர் வந்தார், குனிந்தார், மூடியைத் தொட்டுப் பார்த்தார். நீங்க சொல்லலேன்னா நான் காலையிலதான் பார்த்திருப்பேன் என்றார்.

"காலையில பார்த்திருந்தா நாளைக்கு ஒரு நாளும் போயிருக்கும். இப்ப வியாழன் பாக்கி இருக்கு."

டுவைட் தன் பலகையில் 140.217-ஐக் குறுக்கே அடித்தார். அந்தப் பேனா கீறிய சத்தம் லாவெலுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் திரும்பி நின்றுகொண்டான்.

மாலை முழுவதும் அவன் எதுவும் சாப்பிடவில்லை. பந்தலுக்கு வெளியே தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, நான் வீட்டுக்குப் போறேன், இங்க இருந்தா இன்னும் எதையாவது கெடுப்பேன் என்றான்.

"போ. நாளைக்கு வண்டியை யாரு தள்றதுன்னு சொல்லிட்டுப் போ" என்றாள் ஆர்டித்.

அவன் போகவில்லை.

பழைய வாஷரைத் திருப்பிப் போட்டும் கசிவு நிற்கவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் வெஸ் ப்ரூயிட் ஒரு டேங்க் மூடியைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார். உப்புவெளியில் செய்தி நடக்காது, ஓடும்.

"பொருந்துதான்னு பாரு. கசியாது."

"உங்க ரெக்கார்டை உடைக்கத்தான் இது, தெரியும்ல?" என்றாள் ஆர்டித்.

"உடைச்சா மூடியைத் திருப்பிக் குடு. உடைக்கலேன்னா நீயே வெச்சுக்க, ஆறுதலுக்கு."

புது மூடி, சங்கத்து லாரி, புதுக் கம்பி, புது முத்திரை. அதன் பிறகு வரிசை. முன்னால் நாற்பது வண்டிகள். உப்பு வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும் என்பதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளைக்குள்ளும் களிம்பு தடவிக்கொண்டு, தீயுடையை இடுப்பு வரை இறக்கிக் கட்டி, நாலரை மணி நேரம் காத்திருந்தாள். பிற்பகலில் குறுக்குக் காற்று எழும்பும், எழும்பினால் பாதையை மூடிவிடுவார்கள். தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த சிவப்பு நாடா ஒன்றரை மணிக்குத் துடிக்க ஆரம்பித்தது. ஒன்று நாற்பதுக்கு அவள் முறை. அவளுக்குப் பின்னால் இரண்டே வண்டிகள் போயின, அப்புறம் கொடி இறங்கிவிட்டது.

139.011. தாண்டிவிட்டாள், ஆனால் மயிரிழையில். என்ஜின் கூட்டின் பிளந்த தையலில் வியர்வை போல நீர் கசிந்ததை லாவெல் முதலில் பார்த்தான்.

அன்று வேலிக்குள் அவன் நடந்துகொண்ட விதத்தை இன்றும் அங்கே சொல்லிச் சிரிப்பார்கள். திருகாணி ஒவ்வொன்றைத் தொடும் முன்பும் டுவைட்டைக் கூப்பிட்டான். இந்த நட்டைத் தொடலாமா, இந்தத் துணியால துடைக்கலாமா, தண்ணி ஊத்தலாமா. பதினோராவது தடவை டுவைட் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். யோவ், மூச்சு விடறதுக்கும் என்னைக் கேப்பியா என்றார். லாவெல் கேக்கணும்னா கேக்கறேன் என்றான்.

ஆர்டித் பென்சிலால் கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை 138.197-க்கு ஒரு துளியாவது மேலே வர வேண்டும். வெள்ளியோடு பந்தயம் முடிகிறது, என்ஜினும் அநேகமாக முடிகிறது.

விடியற்காலை ஏழு மணி. குளிர்ந்த காற்று என்ஜினுக்குப் பிடிக்கும். பிக்கப் முட்டியது, தள்ளியது, விலகியது. முதல் மைலில் வண்டி தண்ணீரில் விட்ட சோப்பு மாதிரி போனது. இரண்டாம் மைல் பலகை கடந்ததும் ஏதோ கொதிக்கும் வாசனை வந்தது. பிறகு வெந்நீர்த் துளிகள் தலைக்கவசத்தின் கண்ணாடியில் தெறித்தன. கறுப்புக் கோடு இரண்டாகத் தெரிந்தது. இடது கோடா வலது கோடா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு காலை அழுத்தியே வைத்திருந்தாள். உறுமல் நாலு சிலிண்டரிலிருந்து மூன்றாகக் குறைந்த மாதிரி கேட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் தெரியாது. கடைசிப் பலகை ஆரஞ்சு நிறத்தில் பக்கவாட்டில் பறந்தது. அதன் பிறகே காலை எடுத்தாள்.

வண்டி உருண்டு நின்றது. ஆவி வெள்ளையாக எழும்பி வெள்ளைக்குள் கலந்தது. பட்டையை அவிழ்த்து வெளியே இறங்கினாள். வேகம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது, அதை வானொலியில் சொல்வார்கள், வானொலி பிக்கப்பில் இருக்கிறது.

பிக்கப் வந்தது. லாவெல் இறங்கினான், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு இழுவைக் கயிற்றை எடுத்தான்.

"எவ்வளவு?"

"முதல்ல கயித்தைக் கட்டறேன்."

"லாவெல், கயித்தை உன் கழுத்துல கட்டிடுவேன். எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தெட்டு," என்றான், பிறகு நிறுத்தினான், வேண்டுமென்றே. "புள்ளி நாலு ஆறு ஆறு."

சராசரியை அவள் மனத்திலேயே போட்டாள். 138.738. வெறும் 0.134 மைல் வித்தியாசம். உப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். லாவெலும் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் எதற்காகவோ ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவளே முதலில் எழுந்தாள். எங்கேயும் நிக்காதே, யாரு கையசைச்சாலும் நிக்காதே, நேரா வேலிக்குப் போ என்றாள்.

டுவைட் முத்திரை எண்ணைச் சரிபார்த்தார். சிலிண்டர்கள் பிரிவின் அளவுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க, என்ஜின் தலையைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் விரிசல் முழு நீளத்துக்கும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூன்றாம் சிலிண்டரில் குட்டை போலத் தண்ணீர் தேங்கி நின்றது. லாவெல் அதை உறிஞ்சித் துடைத்துக் கொடுத்தான். கேட்டுக்கொண்டுதான் துடைத்தான். டுவைட் அளவுகோலை ஒவ்வொரு துளையிலும் இறக்கி, இரண்டு தடவை பார்த்து எழுதினார். வெஸ் ப்ரூயிட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அளவுக்குள்ளதான் இருக்கு, நாலும்" என்றார் டுவைட்.

வெஸ் நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் சொந்தமாக இருந்த ஒன்று கையை விட்டுப் போனது அவர் முகத்தில் தெரிந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. பிறகு அந்தப் பிளந்த இரும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சவத்தை வெச்சா என்னை ஜெயிச்சே என்றார்.

ஆர்டித் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பந்தலுக்குப் போய் மிச்சமிருந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, என்ஜின் தலை வைத்திருந்த அதே மேஜையில் இறக்கி, நாலு கரண்டிகளைப் போட்டாள். தட்டு கிடையாது, அப்படியே சாப்பிடுங்க என்றாள். உப்பும் என்ஜின் கரியும் படிந்த கைகளோடு நாலு பேரும் சுற்றி நின்று சாப்பிட்டார்கள்.